கோயில் கம்ப்யூட்டரில் மூன்று கார்டு போன கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சிக்கிட்டு படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆலயத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. கணக்கறிக்கையைக் கையில வச்சிக்கிட்டு ஒரு ஐயா எழுந்து கேட்டார். "2022 கணக்குல கம்ப்யூட்டர் பழுது 1,940 வெள்ளின்னு போட்டிருக்கு. ஒரே வருஷத்துல அப்படி என்ன பழுது? அந்தக் காசுக்கு ஒரு புது கம்ப்யூட்டரே வாங்கலாமே?"

நியாயமான கேள்வி. பொருளாளர் "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுங்க" அப்படின்னு சொன்னார். "ஒரு கார்டா?" "இல்ல, மூணு." பின்னாடி நாலு பேர் சிரிச்சாங்க. அதோட அடுத்த அறிக்கைக்குப் போயிட்டாங்க. நான் அப்போ கடைசி வரிசையில நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தேன். முன்னாடி போய் பேசியிருக்கணும். பேசல. அதனால இங்க எழுதறேன். அந்தக் காசு உண்டியல்ல நீங்க போட்ட காசு. எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நான் பிறையில ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில சூப்பர்வைசர். எஸ்.பி.எம். முடிச்ச கையோட லைன்ல ஆப்பரேட்டரா நுழைஞ்சவன், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கோயில்ல மைக், லைட்டு, வயர், தண்ணி பம்ப் இதெல்லாம் என் பொறுப்பு. யாரும் நியமிச்சது இல்ல. நானா எடுத்துக்கிட்டது.

2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில் கதவெல்லாம் மூடினது ஞாபகம் இருக்கும். குருக்கள் மட்டும் உள்ள போய் பூசை செய்வார். அப்போ புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கிற ஒரு குடும்பம், வீட்டுல இருந்தே எல்லாரும் தரிசனம் பண்ணட்டும்னு ஒரு கம்ப்யூட்டர் உபயமா கொடுத்தாங்க. நல்ல கம்ப்யூட்டர். உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது. கிராபிக்ஸ் கார்டுன்னா, திரையில தெரியற படத்தைத் தயார் பண்ணி அனுப்பற தனி அட்டை. கேமராவுல இருந்து வர்ற படத்தைச் சுருக்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பறதும் அதோட வேலைதான். அது இல்லாம நேரலை போட்டா படம் திக்கித் திக்கி ஓடும்.

அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டு வருஷம் ஓடுச்சு. காலை பூசை, மாலை பூசை, நவராத்திரி, சிவராத்திரி, எதுவும் விடல. சில நாள் இரவெல்லாம் அணைக்கவே மாட்டோம். ஒரு தும்மல் கூடப் போடல. இதை மனசுல வச்சிக்குங்க. நான் வச்சிக்கல, அதுதான் என் முதல் தப்பு.

2022 ஏப்ரல் 1-ல நாடு எண்டமிக் கட்டத்துக்குப் போச்சு. அதே மாசம் சித்ரா பௌர்ணமி. ரெண்டு வருஷம் அடைஞ்சு கிடந்த சனம் அத்தனையும் வந்துருச்சு. பின்னாடி நிக்கறவங்களுக்கு அபிஷேகம் தெரியலன்னு மண்டபத்துல ஒரு பெரிய டி.வி. மாட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து 15 மீட்டருக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள் இழுத்தோம். ஒரே கேபிளா கிடைக்கல. ரெண்டு கேபிளை நடுவுல ஒரு ஜாயின்ட் போட்டுச் சேர்த்தோம். பால் அபிஷேகம் ஆரம்பிக்கும்போது கேபிளைச் செருகினா, டி.வி. கறுப்பு. ஆபீஸ் மானிட்டரும் கறுப்பு. கம்ப்யூட்டர் மட்டும் ஓடற சத்தம் கேக்குது.

மறுநாள் நானும், நேரலை பார்த்துக்கிட்டு இருந்த தம்பியும் உட்கார்ந்து பார்த்தோம். தம்பிக்கு அப்போ இருபது வயசு, பொலித்தெக்னிக்ல படிச்சிக்கிட்டு இருந்தான். கேபிளை மாத்தினோம், மானிட்டரை மாத்தினோம். கார்டைக் கழட்டிட்டு மதர்போர்டுல இருக்கிற ஓட்டையில நேரா செருகினா படம் வந்துருச்சு. ஆக, கார்டுதான் போயிருக்கு. செபராங் ஜெயா பக்கம் ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். தவுக்கே ஒரு பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு, கேபிள் செருகற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன சிப்பைக் காட்டினார். எள்ளு அளவுக்குக் கறுத்திருந்தது. "இடி," அப்படின்னார். நம்ம ஊர்ல சாயங்காலமானா இடி இடிக்கறது புதுசா? நம்பிட்டேன். புது கார்டு 890 வெள்ளி. அப்போ சிப் தட்டுப்பாட்டுக்குப் பிறகு விலை இன்னும் சரியா இறங்காத நேரம்.

அதே வருஷம் நவராத்திரி. முதல் நாள் சாயங்காலம் டி.வி. போட்டோம். ரெண்டாவது கார்டும் காலி.

இந்தத் தடவை தவுக்கே கேஸைத் திறந்து காட்டும்போது எனக்கே வெக்கமா போச்சு. உள்ள விபூதி, ஊதுபத்திப் புகை, விளக்கு எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து காற்றாடி இறக்கையில பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. சாதாரணத் தூசின்னா தூரிகையால தட்டினா போயிரும். கோயில் தூசி அப்படி இல்ல. எண்ணெய்ப்பசையோட சேர்ந்த கரி. கரி மின்சாரத்தை வேற கடத்தும். "இதுல எப்படி பாஸ் கார்டு உயிரோட இருக்கும்?" அப்படின்னு கேட்டுட்டு, பவர் சப்ளையும் மட்டமானது, மாத்துங்கன்னார். மாத்தினேன். புது பவர் சப்ளை 270 வெள்ளி, கார்டு 780 வெள்ளி. கூட்டிப் பாருங்க, அந்த 1,940 வந்துரும்.

கம்ப்யூட்டரை விளக்குப் பக்கத்துல இருந்து தள்ளி, அலமாரி மேல ஏத்தி வச்சோம். மாசம் ஒரு தடவை ஆல்கஹாலும் தூரிகையும் வச்சுத் துடைக்க ஆளும் போட்டாச்சு. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கு, அது நல்லதுதான். ஆனா கார்டு போன காரணம் அது இல்ல.

2023 பிப்ரவரி 5, தைப்பூசம். பால்குடம் வர்ற நேரத்துல மூணாவது கார்டு போச்சு.

இந்த இடத்துல நான் செஞ்சதை மறைக்காம எழுதிடறேன்.

அந்த வாரம் நிர்வாகக் கூட்டத்துல எல்லாருக்கும் கோபம். ஒருத்தர் திருஷ்டின்னார். ஒருத்தர் ஜெனரேட்டர்ன்னார். இன்னொருத்தர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தப்போ ஒரு கேம் இருந்துச்சுன்னார். உடனே பேச்சு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. ராத்திரியில கேம் விளையாடியிருப்பான், பிட்காயின் தோண்டியிருப்பான், அதான் கார்டு கருகுதுன்னு ஆளாளுக்கு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. மூணு தடவை காசு செலவு பண்ண வச்சவன் நான். எனக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு. வெளியில வந்து தம்பியைக் கூப்பிட்டு, "இனிமே நீ கம்ப்யூட்டரைத் தொடாதே" அப்படின்னேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "சரி அங்கிள்" அப்படின்னு சொல்லிட்டு, கழுத்துல போட்டிருந்த ஆபீஸ் சாவியைக் கழட்டி மேசை மேல வச்சிட்டுப் போயிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை வரல. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வரல.

நாலாவது கார்டை என் சொந்தக் காசுல வாங்கினேன். வாங்கிட்டேன், ஆனா செருக கை வரல. இதுவும் போச்சுன்னா?

தவுக்கே கிட்ட, கார்டே மட்டமான தயாரிப்பா இருக்குமான்னு கேட்டேன். அவர் ஒரு பழைய கதை சொன்னார். அப்புறம் நானும் படிச்சுப் பார்த்தேன், உண்மைதான். 2008 ஜூலையில என்விடியா கம்பெனியே வாயைத் திறந்து, லேப்டாப்புல போற சில சிப்புகள்ல குறை இருக்கு, அதைச் சரிக்கட்ட 150-ல இருந்து 200 மில்லியன் அமெரிக்க டாலர் வரை ஒதுக்கறோம்னு அறிவிச்சது. சிப்பையும் அதுக்குக் கீழ இருக்கிற தட்டையும் பிடிச்சிருக்கிற குட்டிக் குட்டி ஈய உருண்டைகள், சூடாகிச் சூடாகி ஆறும்போது விரிசல் விட்டுருச்சு. அந்தக் காலத்துல போன கார்டை அவன்ல வச்சுச் சுட்டு உயிர் கொடுத்தவங்க கூட உண்டு. கொஞ்ச நாள் ஓடும், திரும்பப் போயிரும். ஆக, கார்டுல குறை இருக்கலாம், அதுவும் நடக்கிற விஷயம்தான். ஆனா அந்த மாதிரி சிப் சூட்டுல போகும், போறதுக்கு முன்னாடி திரையில கோடு கோடா வந்து எச்சரிக்கை கொடுக்கும். எங்க மூணு கார்டுல எதுலயும் கோடு வரல. மூணும் வேற வேற மாடல். மூணுலயும் கறுத்தது ஒரே இடம், கேபிள் செருகற வாசல்.

ஃபேக்டரியில ஒரே பொருள் மூணு தடவை ரிஜெக்ட் ஆனா நான் என்ன செய்வேன்? பொருளை மாத்திக்கிட்டே இருந்தா மேனேஜர் என்னை விரட்டிருவார். ஒரு தாள் எடுத்து எழுதச் சொல்வார். எப்போ போச்சு, எங்க போச்சு, அன்னைக்கு என்ன மாறுச்சு. இதை வருஷக்கணக்கா லைன்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கோயிலுக்கு வந்தா மட்டும் செருப்போட சேர்த்து அதையும் வெளியில விட்டுட்டு வந்திருக்கேன்.

ஒரு சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா கோயிலுக்கு வந்து, ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதினேன். மூணும் திருவிழா நாள். மூணும் மண்டபத்து டி.வி.க்குக் கேபிள் செருகின நேரம். கதவு மூடியிருந்த ரெண்டு வருஷம் ராத்திரி பகலா ஓடியும் ஒண்ணும் ஆகல, ஏன்னா அப்போ மண்டபத்துல டி.வி.யே கிடையாது. கேம் விளையாடிப் போயிருந்தா செவ்வாய்க்கிழமையும் போகும், புதன்கிழமையும் போகும். சரியா கேபிள் செருகற நிமிஷம் பார்த்தா போகும்?

நான் பாட்டுக்குத் தனியா முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். அர்ச்சனை டிக்கெட் கொடுக்கிற அக்கா பக்கத்துல காசு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. "தம்பி, அந்தப் பெட்டி வெள்ளிக்கிழமை மட்டும் சுருக்குன்னு இழுக்குமே, அதுவா?" அப்படின்னாங்க.

"எது இழுக்கும்?"

"தரை கழுவி விட்டதுக்கு அப்புறம் அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டா கையில எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். ரொம்ப நாளா இருக்கு. அம்மா சக்தின்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு வயித்துல ஏதோ கவிழ்ந்தது.

எழுந்து போய் டெஸ்ட் பென்னை எடுத்து கம்ப்யூட்டர் கேஸ்ல வச்சேன். விளக்கு எரிஞ்சது. வீட்டுக்குப் போய் மல்டிமீட்டர் எடுத்துட்டு வந்து, ஒரு முனையைக் கேஸ்லயும் இன்னொரு முனையை மண்டபத்துல இருந்து வர்ற கேபிளோட இரும்புத் தலையிலயும் வச்சேன். 108 வோல்ட்.

கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்ல முயற்சி பண்றேன். பவர் சப்ளை பெட்டிக்குள்ள ரெண்டு சின்ன கபாசிட்டர் இருக்கும். ஒண்ணு லைன் கம்பிக்கும் இரும்புக் கேஸுக்கும் நடுவுல, இன்னொண்ணு நியூட்ரல் கம்பிக்கும் கேஸுக்கும் நடுவுல. மின்சாரத்துல வர்ற இரைச்சலை எர்த் கம்பி வழியா மண்ணுக்கு அனுப்பறதுக்காக வச்சது. எர்த் இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. எர்த் இல்லேன்னா அந்தக் கேஸ் ரெண்டு கம்பிக்கும் நடுவுல ஊஞ்சல் மாதிரி தொங்கும். நம்ம நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுல பாதி, சுமார் 115, எப்பவும் கேஸ் மேல உட்கார்ந்திருக்கும். மட்டமான பவர் சப்ளைன்னு இல்ல, 270 வெள்ளி கொடுத்து வாங்கினதும் அப்படித்தான். அதான் அதை மாத்தியும் பிரயோசனம் இல்லாம போச்சு.

ஆபீஸ் மானிட்டர் அதே எக்ஸ்டென்ஷன்ல இருந்ததால அதுவும் சேர்ந்து தொங்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, அதனால அதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா மண்டபத்து டி.வி.யில இருந்து சத்தம் பெரிய ஆம்பிளிஃபயருக்குப் போகுது. ஆம்பிளிஃபயருக்கு ஒழுங்கான எர்த் இருக்கு. இங்க நூத்திச் சொச்சம் வோல்ட்ல தொங்கற ஒரு பெட்டி, அங்க பூமியோட சேர்ந்த ஒரு கேபிள். ரெண்டையும் செருகும்போது அந்த வித்தியாசம் முழுக்க ஒரு நொடியில பாயும். கேபிளோட இரும்பு ஓடு முதல்ல தொட்டா அது வழியா போயிரும், பெரிய ஆபத்து இல்ல. எங்க கேபிள்ல நடுவுல ஜாயின்ட் போட்டோம்னு சொன்னேனே, அந்த ஜாயின்ட்டோட ஓடு லூஸ். அதனால 5 வோல்ட்டைத் தாண்டாத மெல்லிய சமிக்ஞைக் கம்பி வழியா பாய்ஞ்சிருச்சு. அந்தக் கம்பி போய் முடியற இடம் கிராபிக்ஸ் கார்டு வாசல்ல இருக்கிற எள்ளு மாதிரி சிப்.

இதுல எனக்குத் தாங்க முடியாதது என்னன்னா, இது என் தொழில். எங்க ஃபேக்டரியில காலையில லைனுக்குள்ள போகணும்னா மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டணும். அதுல 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், எர்த்தோட இணைக்கிறது. டெஸ்டர்ல கை வச்சு பச்சை விளக்கு எரிஞ்சாத்தான் கதவு. மனுஷன் உடம்புல சேர்ற நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் இருந்தாத்தான் நமக்கே சுள்ளுன்னு தெரியும். சில சிப்புங்க 100 வோல்ட்லயே செத்துரும். இதை வருஷா வருஷம் புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு நின்னு பாடம் எடுக்கறவன் நான். 1972-ல பாயான் லெப்பாஸ்ல இன்டெல் வந்ததுல இருந்து நம்ம பினாங்குல சிப் வேலைக்குப் போகாத குடும்பம் கம்மி. நம்ம பக்தர்கள்லயே இந்தப் பட்டை கட்டினவங்க எத்தனையோ பேர் இருப்பீங்க. நம்ம கோயில் ஆபீஸ்ல எர்த் இருக்கான்னு ஒருத்தர் கூடப் பார்க்கல.

கார்டை விடுங்க. கார்டு காசு. அந்தச் சனிக்கிழமை எனக்கு உட்கார முடியாம போனது வேற விஷயத்துக்கு.

நம்ம வீட்டுல, ஆபீஸ்ல செருப்பு போட்டுக்கிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடறோம். கோயில்ல எல்லாரும் வெறுங்கால். வெள்ளிக்கிழமை, திருவிழா நாள் எல்லாம் தரை ஈரம். அக்காவுக்குச் சுருக்குன்னு இழுத்தது அதனாலதான். அந்தக் கபாசிட்டர் வழியா வர்ற மின்னோட்டம் கொஞ்சம்தான், எறும்பு கடி அளவு. ஆனா அதே எக்ஸ்டென்ஷன்ல ஒரு தண்ணி கெட்டலும் செருகியிருந்தோம். குருக்களுக்கு வெந்நீர் வைக்க. எக்ஸ்டென்ஷன்ல எர்த் பின் எல்லாம் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கும். கெட்டல்ல லீக் ஆகி லைன் கம்பி அதோட உடம்பைத் தொட்டிருந்தா, எர்த் போக வழி இல்லாததால கம்ப்யூட்டர் கேஸ் மேல முழு 230 வோல்ட்டும் ஏறியிருக்கும். ஈரத் தரையில வெறுங்காலோட அக்கா கை வச்சிருப்பாங்க. இல்ல, ராத்திரி பத்து மணிக்குத் தனியா உட்கார்ந்து நேரலையை முடிக்கிற அந்தத் தம்பி. நம்ம மெயின் போர்டுல இருந்த ஈ.எல்.சி.பி. 100 மில்லி ஆம்பியர் வகை. மனுஷ உடம்புல 30 மில்லி ஆம்பியர் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து. 100 வகை இருக்கிறது தீ பிடிக்காம இருக்க உதவும். ஆளைக் காப்பாத்தும்னு நம்ப முடியாது.

அப்புறம் மெயினை அணைச்சிட்டு அந்தச் சுவர் சாக்கெட்டைத் திருகாணி கழட்டித் திறந்தேன். உள்ள ரெண்டு கம்பிதான் வந்திருந்தது. எர்த் திருகுல ஒண்ணுமே இல்ல. புதுசா வாங்கினப்போ இருந்த பளபளப்பு அப்படியே இருக்கு.

வயரோட நிறத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சிருச்சு. 2016-ல கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம், எல்லாரும் கோத்தோங் ரோயோங் பண்ணிக்கிட்டு இருந்தோம். ஆபீஸ்ல ஒரு ஃபேன் போட சாக்கெட் வேணும்னாங்க. கையில இருந்தது லைட்டு போட்ட மிச்சம், ரெண்டு கம்பி வயர். ஃபேனுக்குத்தானே, அப்புறம் மாத்திக்கலாம்னு இழுத்து மாட்டினது நான். நம்ம மூணு முள்ளு பிளக்குல மேல இருக்கிற எர்த் முள்ளு உள்ள போனாத்தான் கீழ இருக்கிற ரெண்டு ஓட்டையோட மூடி திறக்கும். எர்த் கம்பி இருந்தாலும் திறக்கும், இல்லேன்னாலும் திறக்கும். வெளியில இருந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். அந்த "அப்புறம்" ஏழு வருஷமா வரல.

மூணு கார்டைக் கொன்னது இடி இல்ல, புகை இல்ல, தவுக்கே இல்ல, தம்பி இல்ல. நான்.

அன்னைக்குச் சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். அல்மா பக்கம் ஒரு தாமான். அவங்க அம்மா கதவைத் திறந்தாங்க, "வாங்க" அப்படின்னு சொன்னாங்க, ஆனா முகம் சரியில்ல. காரணம் அவங்களுக்குத் தெரியும். தம்பி வெளியில மோட்டார் கழுவிக்கிட்டு இருந்தான். நான் சாக்கெட் விஷயத்தை அவங்க அம்மா முன்னாடியே சொன்னேன். தப்பு என்னுதுன்னு சொன்னேன். மன்னிச்சிருப்பான்னு கேட்டேன். இருபது வயசுப் பையன்கிட்ட அப்படிக் கேட்கறது இந்த வயசுல சுலபமா இல்ல. ஆனா அதுக்கு அப்புறம் அவன் சொன்னதுதான் இன்னும் கஷ்டம்.

"அங்கிள், நவராத்திரியில செருகும்போது ஸ்பார்க் வந்துச்சுன்னு நான் அப்பவே சொன்னேன்லா."

சொன்னான். எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. மண்டபத்துல கூட்டம், கொலு பார்க்க வரிசை, நான் ஏணி மேல. கீழ இருந்து ஏதோ ஸ்பார்க்குன்னு சொன்னான். "முதல்ல வேலையை முடிடா" அப்படின்னு சொல்லியிருக்கேன். அவன் சொன்னதைக் கேட்டிருந்தா நாலாவது கார்டு வாங்கியிருக்கவே வேண்டாம். அந்தக் கேம் கூட, கார்டு நல்லா இருக்கான்னு சோதிச்சுப் பார்க்க அவன் போட்டதாம். கடையிலயும் அப்படித்தான் சோதிப்பாங்கன்னு எனக்கே தெரியும்.

அவங்க அம்மா டீ கொண்டு வந்து வச்சாங்க. குடிச்சிட்டு வந்தேன்.

நிர்வாகத்துலயும் சொன்னேன். பிட்காயின்னு சொன்னவர் ஒண்ணும் பேசல. தலைவர் உடனே, இனிமே வயர் வேலைக்கு நம்ம ஆளு வேண்டாம், எனர்ஜி கமிஷன்ல பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கன்னுட்டார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது, ஆனா அவர் சொன்னது சரி. வயர்மேன் ரெண்டு நாள் ஒவ்வொரு சாக்கெட்டா சோதிச்சார். எர்த் இல்லாத சாக்கெட் இன்னும் ரெண்டு கிடைச்சது. ஒண்ணு மடப்பள்ளியில. இன்னொண்ணு அபிஷேகத் தண்ணி வெளியேறுற பக்கம். அந்த ரெண்டும் நான் போட்டது இல்ல. யார் போட்டதுன்னு விசாரிக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். இப்போ ஆபீஸுக்கு 30 மில்லி ஆம்பியர்ல தனி ஈ.எல்.சி.பி., மடப்பள்ளிக்கும் ஈரமாகிற இடத்துக்கும் 10 மில்லி ஆம்பியர்ல தனியா போட்டாச்சு. மாசம் முதல் வெள்ளிக்கிழமை அதுல இருக்கிற சோதனைப் பட்டனை அமுக்கி, கட் ஆகுதான்னு பார்த்து நோட்டுல கையெழுத்து போடறோம். நோட்டு அக்காகிட்ட இருக்கு. இப்ப அந்தப் பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவுல மீட்டர் வச்சா ஒரு வோல்ட் கூட இல்ல.

நாலாவது கார்டு மே மாசம் சித்ரா பௌர்ணமியில இருந்து ஓடுது. கேபிளையும் ஜாயின்ட் இல்லாத ஒரே நீளமா மாத்திட்டோம். முதல் நாள் செருக நான் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான். நான் கேபிளைக் கையில எடுத்ததும், "அங்கிள், முதல்ல ரெண்டு பக்கமும் ஆஃப் பண்ணுங்க" அப்படின்னான். ஆஃப் பண்ணிட்டுத்தான் செருகினோம். இப்போ அதான் விதி, மானிட்டர்ல ஒட்டியும் வச்சிருக்கு. படிப்பு முடிஞ்சு பத்து காவான்ல வேலைக்குச் சேர்ந்துட்டான், ஷிப்ட். முன்ன மாதிரி வர முடியல. வெள்ளிக்கிழமை நேரம் கிடைச்சா வந்து கும்பிட்டுட்டுப் போறான். ஆபீஸ் சாவியைத் திரும்பக் கொடுத்தேன், "இருக்கட்டும் அங்கிள்"னு வாங்க மாட்டேன்னுட்டான். அது என் மேசை டிராயர்ல இருக்கு.

1,940 வெள்ளியை நான் மாசம் கொஞ்சமா கட்டிடறேன்னு பொருளாளர்கிட்ட சொன்னேன். அவர் வேண்டாம்ங்கறார். தொண்டூழியம் செய்யறவன் தெரியாம செஞ்ச தப்புக்குக் காசு வாங்கினா நாளைக்கு யாரும் வேலைக்கு வர மாட்டாங்கங்கறது அவர் வாதம். எனக்குத் தெரியாம நடந்த தப்பு இல்லங்கறது என் வாதம். எர்த் வேணும்னு தெரிஞ்சேதான் விட்டேன். இது இன்னும் முடியல.

ஒரு வேண்டுகோள். கல்யாண மண்டபத்துல வயர் வேலை இன்னும் பாக்கி. அங்க மேடைக்குப் பின்னாடி மூணு சாக்கெட்ல சிவப்பு டேப் ஒட்டியிருக்கு. போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவுல டேப்பைப் பிய்ச்சிட்டு ஐஸ் பெட்டி செருகியிருந்தாங்க. தயவு செஞ்சு பிய்க்காதீங்க. பிளக் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க, வலது பக்கத் தூண்ல இருந்து இழுத்துத் தர்றேன். வீட்டுலயும் ஃப்ரிட்ஜோ, வாஷிங் மெஷினோ, கம்ப்யூட்டரோ தொட்டா சுருக்குன்னு இருந்தா, பழகிப்போச்சுன்னு விடாதீங்க. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்க.

கூட்டத்துல கேள்வி கேட்ட ஐயாவுக்கு: அந்த மூணு கார்டையும் தூக்கிப் போடல. ஆபீஸ் அலமாரியில கீழ்த் தட்டுல, நீல பிஸ்கட் டின்ல இருக்கு. அந்தச் சாக்கெட்டும் அதுலயே இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்தீங்கன்னா நானே எடுத்துக் காட்டறேன்.